வாசல் கதவைக் கழற்றுவதற்கு முன்: எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயில் பரிபாலன சபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர் அண்ணை, செயலாளர், பொருளாளர், சபை உறுப்பினர்கள் எல்லோருக்கும், கனடாவிலும் சுவிஸிலும் லண்டனிலும் இருந்து கோயில் வேலைக்குக் காசு அனுப்புகிற எங்கள் ஊர் உறவுகளுக்கும் வணக்கம்.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். வருகிற கும்பாபிஷேகத்துக்கு முதல் முகப்பு வாசல் கதவைக் கழற்றிவிட்டுப் புதிதாகத் தேக்கங் கதவு போடுவதென்று பொதுக்கூட்டத்தில் தீர்மானம் எடுத்திருக்கிறீர்கள். அந்தத் தீர்மானத்தை மாற்றுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். பழைய கதவைத் திருத்தலாம். திருத்தி அதே வாசலில் அதே நிலையில் திரும்ப மாட்டலாம். அதில் இருக்கிற ஷெல் துளைகளை மட்டும் அடைக்காமல் விடவேண்டும். சபைக்குத் தனியாக ஒரு கடிதம் கொடுத்திருக்கலாம்தான், ஆனால் காசு அனுப்புகிறவர்களும் சேர்ந்து முடிவெடுக்கிற காரியம் இது, அவர்களில் பாதிப்பேர் இந்தக் கதவைப் பார்த்துப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, அதனால் எல்லோரும் வாசிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

நான் கிளிநொச்சியில் தச்சுப் பட்டறை வைத்திருக்கிறவன். புதுக் கதவு செய்து விற்பதுதான் என் பிழைப்பு. ஒரு கதவு இனி உதவாது என்றால் அதை வாய்விட்டுச் சொல்லுகிற ஆள் நான் என்பது ஊருக்குத் தெரியும். இந்தக் கதவு உதவும்.

வாட்ஸ்அப்பில் சுற்றுகிற படத்தில் கதவு அழுக்காகத் தெரிகிறதே தவிர வேறொன்றும் தெரியவில்லை. ஆகவே சொல்கிறேன். இரண்டு பக்கமும் முழு முதிரை. பிணைச்சல் இல்லை, குடுமிக் கதவு: மேற்குடுமி நிலைக்குள்ளும் கீழ்க்குடுமி குழிக்கல்லுக்குள்ளும் இருந்து சுழல்கிறது. சட்டங்களைக் கழுந்து வைத்துப் பூட்டி மர ஆணி அடித்து இறுக்கியிருக்கிறார்கள், இரும்பாணி எல்லாம் பிறகு வந்தவர்கள் அடித்தது. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு தாமரை. கிட்டப்போய்ப் பார்த்தால் ஒரு தாமரை மற்றதைப்போல இல்லை, ஒன்றில் இதழ் கூட, ஒன்றில் நடு மொட்டுக் கொஞ்சம் சரிந்திருக்கிறது. காடு வெட்டிக் குடியேறிய முதல் தலைமுறை, மரத்தடியில் கல்லு வைத்துக் கும்பிட்டு, பிறகு கிடுகுக் கொட்டில் போட்டு, பிறகு கல்லால் கட்டத் தொடங்கியபோது இந்த ஊர்க் காட்டிலேயே நின்ற முதிரையை அரிந்து செய்த கதவு. காய்ந்த முதிரை ஒரு கன மீற்றர் 900 கிலோவுக்கு மேல் நிற்கும், தேக்கு 650 கிலோ அளவில்தான். அந்தக் கதவை ஒரு பக்கம் தனியாக ஒருவர் தூக்கமுடியாது என்பது தூக்கிப் பார்த்த எல்லோருக்கும் தெரியும். இன்றைக்கு முதிரை வெட்ட அனுமதி, ஏற்ற அனுமதி என்று அலைந்தாலும் அந்த அகலப் பலகை கிடைக்காது. கடையில் வருகிற தோட்டத் தேக்கு இளமரம், வைரம் என்கிற உள்மரம் குறைவு, வெளிறு என்கிற வெளிமரம் கூட, கறையான் முதலில் பிடிப்பது வெளிறைத்தான். புதுக்கதவு பத்து வருடத்தில் என்ன நிலையில் நிற்கும் என்று என்னால் உறுதி தரமுடியாது.

அப்புறம் 2009, போரின் கடைசி வருடம். அந்தத் தை மாதம் பரந்தன் முல்லைத்தீவு வீதியால் சனம் கிழக்கே நகர்ந்துகொண்டே இருந்தது. எங்கள் கோயில் மடத்தில் எத்தனை ஊர்ச் சனம் தங்கிப் போனது என்பதற்குக் கணக்கில்லை. மடத்துக்குப் பின்னால் பங்கர் வெட்டினார்கள். மேலே போடப் பனங்குற்றி போதாமல் போனபோது வலப்பக்கக் கதவைக் குடுமியோடு கிளப்பி எடுத்து மூடினார்கள், அதற்கு மேல் சேலைகளில் மண் கட்டி அடுக்கினார்கள். இடப்பக்கக் கதவு வாசலில் நின்றது. முற்றத்தில் ஷெல் விழுந்தபோது துண்டுகளை வாங்கியது அதுதான். அந்தப் பங்கருக்குள் இருந்தவர்கள் அன்றைக்கு உயிரோடு வெளியே வந்தார்கள். அவர்களில் சிலர் பிறகு முள்ளிவாய்க்காலில் இல்லாமல் போனார்கள், சிலர் இன்றைக்கும் வெள்ளிக்கிழமை பூசைக்கு வருகிறார்கள், இந்த மடலை வாசிக்கிற வெளிநாட்டு உறவுகளிலும் இருக்கிறார்கள்.

போர் முடிந்து மெனிக் பாம் முகாமிலிருந்து திரும்பி வந்தபோது ஊரில் ஒரு வீட்டுக்கும் கதவு இல்லை, யன்னல் இல்லை, தகரம் இல்லை. கோயிலின் இடப்பக்கக் கதவு மட்டும் நின்றது. வலப்பக்கக் கதவைத் தூர்ந்துபோன பங்கருக்குள்ளிருந்து கிண்டி எடுத்துக் கழுவிக் கொண்டுவந்து மாட்டினார்கள், அப்போது மாட்டியவர்களில் இருவர் இப்போது சபையிலேயே இருக்கிறார்கள். அதன் உட்பக்கம், கீழிருந்து இரண்டாவது கட்டத்தில், வளைந்த ஒரு ஆணியில் நீலச் சேலைக் கரைத் துண்டு இன்னும் சிக்கிக் கிடக்கிறது. விரல் அகலம்தான். மண்ணும் பாசியும் பிடித்து நிறம் மங்கிவிட்டது, ஆனால் சரிகை இழை தெரிகிறது. போன கிழமை டோர்ச் அடித்துப் பார்த்தேன். ஆட்கள் வந்து கிறைண்டர் பிடித்தால் அது ஒரு நொடியில் போய்விடும்.

வெளிப்பக்கத் துளைகளையும் ஒருமுறை நின்று பாருங்கள். இருபதுக்கு மேல் இருக்கும். அவற்றுக்குள் வெள்ளையாக இருப்பது பூஞ்சணம் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். அது விபூதி. கதவு திறந்திருக்கும்போது வெளிமுகம்தான் உள்ளே போகிறவர்களின் கைப்பக்கம் வருகிறது, சனம் பூசியது போக மிஞ்சிய விபூதியைத் தூணில் தட்டுவதற்குப் பதிலாக அந்தத் துளையில் வைக்கிறது. யாரும் சொல்லிக்கொடுத்து நடந்த காரியம் இல்லை.

பழுதானதை வாசலில் வைக்கலாமா, பின்னம் இல்லையா என்று கேட்டவர்களுக்கு: பின்னமான விக்கிரகத்தைப் பற்றிச் சொல்லியிருப்பதை கதவுக்கு இழுக்கத் தேவையில்லை. கும்பாபிஷேகத்தில் புனராவர்த்தம் என்ற வகையே பழுதானதைத் திருத்திச் செய்வதற்காக வைத்ததுதான், நாங்கள் இப்போது செய்யப்போவதும் அதுதான். மேற்கொண்டு சந்தேகம் இருந்தால் கோயில் குருக்கள் ஐயாவிடம் கேட்டு அவர் சொல்கிறபடி நடப்போம், நான் அதற்கு மறுப்பில்லை.

இன்னொரு பயம் யாரும் மைக்கில் சொல்லவில்லை, வெளியே மரத்தடியில் நின்று கதைத்தார்கள். பழையது பழையது என்று ஊரெல்லாம் சொன்னால் தொல்பொருள் திணைக்களம் வந்து பலகை நட்டுவிடும் என்ற பயம். தொல்பொருள் இடமென்று சொல்லிக் கும்பிடுகிறவர்களுக்குத் தடை வந்த குருந்தூர்மலையையும் வெடுக்குநாறிமலையையும் பார்த்துக்கொண்டிருக்கிற வன்னிச் சனத்துக்கு இந்தப் பயம் வருவதில் பிழையே இல்லை. ஆனால் 1940 ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் பொதுவாகத் தொன்மை என்று பேசுவது 1815 மார்ச் 2 க்கு முந்தியவற்றை. எங்கள் கதவு அப்பப்பா காலத்தது. பயத்தில் எங்கள் கையாலேயே எங்கள் அடையாளத்தை அகற்றினால் அது யாருக்கு நல்லது? என் யோசனை வேறு: கதவை அளந்து, இரண்டு பக்கமும் படம் எடுத்து, யார் செய்தார்கள், யார் பங்கரில் போட்டார்கள், யார் கிண்டி எடுத்தார்கள் என்று தெரிந்தவர்களிடம் கேட்டு எழுதி, ஒரு பிரதி கோயில் அலுமாரியிலும் ஒன்று பள்ளிக்கூடத்திலும் வையுங்கள். தெரிந்தவர்களுக்கு வயது போய்க்கொண்டிருக்கிறது.

லேசில் பதில் சொல்லமுடியாத கேள்வி ஒன்று இருக்கிறது. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு அம்மா, கோயிலுக்கு வந்தாலும் அந்தத் துளையைத்தான் பார்க்கவேண்டுமா என்று கேட்டார். அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல எனக்கு வாயில்லை. இதே கேள்வியோடு நின்றவர்கள் வேறு இடத்திலும் இருக்கிறார்கள். ஜேர்மனியில் ஹாலே என்ற நகரத்தில் யூதர்களின் ஜெப ஆலயம் ஒன்று இருக்கிறது. 2019 ஒக்டோபர் 9, அவர்களுக்கு ஆண்டிலேயே மிகப் புனிதமான நோன்பு நாளான யோம் கிப்பூர் அன்று, ஆயுதங்களோடு வந்த ஒருவன் உள்ளே புகப் பார்த்தான். உள்ளே ஐம்பது பேருக்கு மேல் தொழுகையில் இருந்தார்கள். பூட்டியிருந்த ஓக் மரக் கதவைச் சுட்டும் வெடி வைத்தும் அவனால் திறக்க முடியவில்லை. வெளியே இரண்டு பேரைக் கொன்றான், ஆலயத்துக்குள் இருந்தவர்கள் தப்பினார்கள். அடுத்த வருடம் அவர்கள் புதுக்கதவு போட்டார்கள். குண்டு துளைத்த பழைய கதவை எறியவில்லை, முற்றத்தில் நினைவுச் சின்னமாக நிறுத்தினார்கள், முதலாம் ஆண்டு நினைவு நாளில் திறந்துவைத்தார்கள்.

அவர்கள் கதவை வாசலிலிருந்து முற்றத்துக்கு நகர்த்தினார்கள். அதற்கு அவர்களுக்குக் காரணம் இருந்திருக்கும், காவல் தேவை இருந்தது, ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. எங்கள் கதவோ அந்த அடி வாங்கிய பிறகும் இத்தனை வருடமாகக் காலையும் மாலையும் திறந்து மூடிக்கொண்டிருக்கிறது. அதற்குள்ளால்தான் கல்யாணங்கள் போயின, திருவிழாவில் சுவாமி வெளியே வந்தது. அதைக் கழற்றிக் கண்ணாடிக்குள் வைத்தால் அது பார்க்கிற பொருளாகிவிடும், இப்போது அது பாவிக்கிற பொருள். என் மனம் வாசலில்தான் நிற்கிறது. ஆனாலும் அந்த அம்மாவின் கேள்விக்கு என் மனம் பதிலாகாது. ஆகவே சபையிடம் கேட்பது: அந்தப் பொதுக்கூட்டம் இரவில் நடந்தது, வந்தவர்களில் பெண்கள் கொஞ்சப்பேர், கதைத்தவர் ஒருவருமில்லை. பிள்ளைகளை இழந்த தாய்மாரையும் அந்தப் பங்கருக்குள் இருந்தவர்களையும் பகலில், மடத்தில், தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். அவர்களில் கனபேர் வாசலில் வேண்டாம் என்றால் வசந்த மண்டபத்துப் பக்கம் நிறுத்துவோம், அந்த வேலையையும் நானே செய்து தருகிறேன். தெற்கு வாசல் ஒன்று இருக்கிறது, அதைத் தினமும் திறந்து வைத்தால் முகப்பால் வர விருப்பமில்லாதவர்கள் அதனால் வரலாம். இப்போது அது தேர்முட்டிச் சாமான்கள் அடைத்துப் பூட்டிக் கிடக்கிறது.

கதவு வாங்க லொறியோடு வந்த ஆட்களைப் பற்றியும் சொல்லவேண்டும். வடக்கில் பழைய கதவு, நிலை, தூண் எல்லாம் வாங்கித் தெற்கே ஹொட்டேல்களுக்குக் கொடுக்கிறவர்கள் அவர்கள். விலை நல்ல விலைதான். கேரளத்து மட்டாஞ்சேரியில் கடவும்பாகம் என்ற யூத ஜெப ஆலயம் இருந்தது. அந்தச் சனம் இஸ்ரேலுக்குப் போன பிறகு உள்ளே இருந்த செதுக்கு மரவேலை ஜெருசலேம் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது, அங்கே அதை வடிவாகத் திருத்தி வைத்திருக்கிறார்கள். மட்டாஞ்சேரியில் நின்ற வெறுங் கட்டடத்தின் ஒரு பகுதி 2019 மழையில் இடிந்து விழுந்தது. மட்டாஞ்சேரியில் கும்பிட ஆளில்லாமல் போனது, அதனால் மரம் போனதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. எங்கள் ஊரில் ஆள் இருக்கிறது. கதவைத் தயவுசெய்து விற்கவேண்டாம்.

சரி, வேலைக்கு வருகிறேன். கதவுக்கு உண்மையான வருத்தம் ஷெல் துளைகளில் இல்லை. போனமுறை திருப்பணியில் வாசலுக்கு மாபிள் பதித்தபோது தரைமட்டம் உயர்ந்தது, கதவு உரசியது, உரசுகிறது என்று யாரோ கீழ்ச்சட்டத்தை வாளால் அரிந்துவிட்டார்கள். குழிக்கல்லைச் சுற்றிச் சீமெந்து பூசினார்கள். மழைத்தண்ணீர் குழிக்குள் போனால் இப்போது வெளியேற வழியில்லை, கீழ்க்குடுமி மாரி முழுக்கத் தண்ணீருக்குள் நிற்கிறது. வலப்பக்கக் குடுமி உக்கிவிட்டது, நிலைக்காலில் ஒரு சாண் உயரத்துக்குக் கறையான். இதை விட்டுவிட்டுப் புதுக்கதவு போட்டாலும் அதே இடத்தில் அதே மாதிரி உக்கும்.

முதலில் சீமெந்தை உளியால் கொத்தி எடுத்துக் குழிக்கல்லுக்கு வெளிப்பக்கமாக ஒரு வாட்டம் கொடுக்கவேண்டும். பிறகு உக்கின பகுதியை மட்டும் சரிவாக அரிந்து, அதே முதிரையில், நார் ஓட்டம் ஒத்துப்போகிற மாதிரிப் பார்த்துப் புதுத்துண்டு பொருத்தவேண்டும். நேராக வெட்டி ஒட்டினால் பாரம் தாங்காது, சரிவு நீளமாக இருக்கவேண்டும். மரத்துக்கு நான் பொறுப்பு: இடிந்த வீடுகளில் எடுத்த பழைய முதிரை வளை என்னிடம் இருக்கிறது, இனிப் பெரிதாகச் சுருங்காது. புதுக் குடுமிக்குப் பித்தளைப் பூண் போடுவேன். இரும்பு ஸ்குறூ போடமாட்டேன், துருப்பிடித்து ஊதினால் மரம் வெடிக்கும். நிலைக்காலுக்குக் கறையானுக்கான போரேட் மருந்து பூசி ஊறவிடவேண்டும், அடிக்காலை நேரே மண்ணில் படாமல் கல்லில் நிறுத்தவேண்டும்.

பழைய பெயின்றைக் கழற்றுவதில்தான் கனக்கக் கதவுகள் பழுதாகின்றன. தீ பிடித்து உரிக்கக்கூடாது, கோஸ்டிக் சோடா ஊற்றக்கூடாது, தாமரை இதழின் கூர் எல்லாம் கரைந்துவிடும். பழைய எண்ணெய்ப் பெயின்றில் ஈயம் இருக்கும், காய்ந்தபடி மண்தாள் போட்டால் அந்தத் தூசு பிள்ளைகளுக்கு நஞ்சு. நனைத்து, சுரண்டி, தூசை அள்ளிக் கட்டி, பிள்ளைகள் விளையாடுகிற முற்றத்துக்குத் தூரமாகச் செய்யவேண்டிய வேலை அது. நாளெடுக்கும். எண்ணெய் பூசுகிறேன் என்று இலுப்பெண்ணெயோ தேங்காயெண்ணெயோ பூசவேண்டாம், அவை காயாது, தூசு பிடித்துக் கறுக்கும். கொதித்த ஆளிவிதை எண்ணெய் மரத்துக்குள் போய்க் காற்றுப் பட்டு இறுகும், மெல்லிசாக மூன்று நான்கு தரம் பூசினால் போதும். அது பூசிய துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும் என்பதால் உதவிக்கு வருகிற பொடியளுக்கு இப்போதே சொல்கிறேன், விரித்துக் காயப்போடுங்கள், இல்லையென்றால் தண்ணீர் வாளிக்குள் போடுங்கள்.

துளைகளுக்குப் புட்டி வேண்டாம், சிலிக்கன் வேண்டாம். உள்ளே இரும்புத் துண்டு இருந்தால் துரு மரத்தைக் கறுப்பாக்கிக்கொண்டே போகும், அதை மட்டும் எடுத்து, உள்ளே எண்ணெய் விட்டு, மெழுகு பிடித்து, திறந்தபடி விடலாம். கதவு பலத்துக்கு அவற்றால் ஒரு குறையும் இல்லை. சேலைத் துண்டைத் தொடவே மாட்டேன், அந்த ஆணியைச் சுற்றி ஒரு விரற்கடை விட்டுத்தான் வேலை செய்வேன்.

கூலி வேண்டாம். எண்ணெய், மருந்து, பித்தளை வேலைக்கான செலவு மட்டும் சபை தந்தால் போதும், பற்றுச்சீட்டோடு கணக்குத் தருவேன். புதுக்கதவுக்கு உபயம் செய்ய முன்வந்த குடும்பத்தை நான் குறைவாகச் சொல்லவில்லை, பிறந்த ஊர்க் கோயிலுக்குச் செய்யவேண்டும் என்ற ஆசை நல்ல ஆசை. அன்னதான மடத்துக்கு இன்றைக்கும் தகரப் படலைதான் கதவு. தேக்கு ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது என்றால் அளவை மாற்றி அங்கே போடலாம், அவர்கள் பெயர்க் கல்லையும் அங்கேயே பதிக்கலாம். ஊரில் எல்லோரும் சாப்பிடுகிற இடம் அது.

காலத்தைப் பற்றியும் யோசியுங்கள். ஐப்பசி பிறந்தால் மாரி, மரம் ஈரம் குடித்துப் பருத்துவிடும், அப்போது பொருத்துகிற துண்டு கோடையில் இடைவெளி விடும். இந்த வேலையைக் கச்சான் காற்று அடிக்கிற ஆடி ஆவணியில் தொடங்கிப் புரட்டாதிக்குள் முடிக்கவேண்டும். திருப்பணிக்காகச் சுவாமியைத் தற்காலிகமாக வேறிடத்தில் வைக்கிற பாலஸ்தாபன நாளை அதற்குத் தோதாக வைக்கமுடியுமா என்று ஐயாவிடம் கேளுங்கள்.

கதவைக் கழற்றுகிற நாளைத் தயவுசெய்து எனக்கு முன்கூட்டிச் சொல்லுங்கள். அலவாங்கு போட்டு நெம்பவேண்டாம், மேற்குடுமி முறிந்துவிடும். மேல் நிலைக்கட்டையில் ஒரு ஆப்பு இருக்கிறது, அதை முதலில் தட்டி எடுத்தால் கதவை நேரே தூக்கலாம், பக்கத்துக்கு நாலு பேர் வேண்டும், கயிறும் செயின் புளொக்கும் நான் கொண்டுவருவேன். கதவில் இருந்த பித்தளை மணிகளில் கன மணிகள் இல்லை. மீள்குடியேறிய காலத்தில் பிள்ளைகள் பொறுக்கி விளையாடியதை நானே கண்டிருக்கிறேன். யார் வீட்டிலாவது இருந்தால் கோயில் அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள், யார் எடுத்தது எப்போது எடுத்தது என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். நாக்கு இல்லாத மணி என்றாலும் பரவாயில்லை, நாக்கு நான் போட்டுத் தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஊரவன், தச்சுத் தொழிலாளி